பவாயில் படிப்பவர்கள் எல்லாரும் ‘பழம்’ தானா?

பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு கல்யாண வீட்டில் ‘பையன் ஐஐடி பாம்பே, பவாயில் படிக்கிறான்’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அடுத்த பந்தி எழுவதற்குள் அவன் ஜாதகத்தையே நாம் எழுதி முடித்துவிடுவோம். எந்நேரமும் புத்தகம், யாரோடும் ஒட்டமாட்டான், வசதியான வீடு, இங்கிலீஷ் மீடியம், நாலு வருஷத்தில் அமெரிக்கா. இதில் எது உண்மை?

‘எல்லாம் கட்டுக்கதை, அவர்களும் நம்மைப் போலத்தான்’ என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது சரியில்லை. ஊரார் மனதில் இருக்கும் பிம்பங்கள் பலவும் கூட்டத்தின் சராசரிக்கு நன்றாகவே பொருந்துகின்றன என்று லீ ஜஸ்ஸிம் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர் பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார். அவரை மறுப்பவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: சராசரிக்குப் பொருந்துவது வேறு, உங்கள் எதிரில் காபி குடித்துக்கொண்டிருக்கும் பையனுக்குப் பொருந்துவது வேறு.

முதலில் படிப்பு. ‘ரொம்பப் படிப்பான்’ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு சோதிக்க முடியாது. எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் பிடி கிடைக்கும். ஐஐடி பாம்பேயின் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே நான்கு எண்கள் இருக்கும். 3-0-0-6 என்றால் வாரம் 3 மணி விரிவுரை, டுடோரியல் (கணக்குப் போட்டுப் பழகும் வகுப்பு) இல்லை, லேப் இல்லை, மொத்தம் 6 கிரெடிட். 3 மணிக்கு எப்படி 6? வகுப்பில் ஒரு மணி உட்கார்ந்தால் அறையில் இன்னொரு மணி உட்கார வேண்டும் என்ற கணக்கு அது. லேபுக்கு 0-0-3-3, அங்கே வேலை அங்கேயே முடிகிறது. ஆக, ஒரு கிரெடிட் என்றால் ஏறக்குறைய வாரத்தில் ஒரு மணி உழைப்பு. ஐந்து பாடமும் இரண்டு லேபும் சேர்ந்தால் 36 மணி. பாந்த்ரா-குர்லாவில் ஆபீஸ் போகிறவர் இதைவிட அதிகம் உட்காருகிறார், லோக்கல் ரயிலில் நிற்கும் நேரத்தைச் சேர்க்காமலே.

காகிதத்தில் 36 மணி. நடப்பில் அது வாராவாரம் ஒரே அளவாக விழுவதில்லை, அங்கேதான் வண்டி தடம் புரளும். ஆகஸ்டில் தினம் இரண்டு மணி தள்ளிப்போட்டவன் செப்டம்பரில் வரும் மிட்-செம் என்ற இடைப்பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் அத்தனையையும் ஒரேயடியாகச் சுமக்கிறான். அந்த வாரம் காஞ்சூர்மார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிக்‌ஷா பிடித்து உள்ளே போகிறவர் ‘ஐயோ, தூங்கவே மாட்டார்களா’ என்று திரும்புவார். டிசம்பரில், 1971இலிருந்து மாணவர்களே நடத்திவரும் மூட் இண்டிகோ கலைவிழாவுக்குப் போகிறவர் ‘இவர்கள் எப்போதுதான் படிக்கிறார்கள்’ என்று கேட்பார். இரண்டு பேர் பார்த்ததும் அதே பிள்ளைகளைத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இது கற்பனைக் கணக்கு, கையால் போட்டுப் பார்க்கலாம். 100 மாணவர்கள். 10 பேர் தினம் 6 மணி நேரம் நூலகத்தில் இருக்கிறார்கள். மீதி 90 பேர் ஆளுக்கு அரை மணி. முதல் கூட்டம் நூலகத்தில் கழிக்கும் நேரம் 60 மணி, இரண்டாவது கூட்டம் 45 மணி. நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் உள்ளே நுழைந்தால், உங்கள் கண்ணில் படுகிறவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பத்துப் பேர்தான்! பத்தில் ஒரு பங்கு, பாதிக்கு மேல் ஆகத் தெரிகிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறீர்கள். நின்ற இடம் அப்படி.

இனி, சரியாகவே இருக்கும் ஒரு பிம்பம்: ‘அங்கே எல்லாம் பசங்கதான்.’ ஆமாம். 2018இல் ஐஐடிகளில் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கி, 14 சதவீதம், 2019இல் 17, 2020இல் 20 என்று உயர்த்தினார்கள். அப்படியும் ஐந்தில் ஒருவர்தான். ஐஐடியில் சேர்வதற்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வில் 2024இல் தகுதி பெற்ற 48,248 பேரில் பெண்கள் 7,964. ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘பெண்களுக்குக் கணக்கு வராது’ என்று அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தமிழ்நாட்டுப் பிளஸ் டூ முடிவைப் பார்க்க வேண்டும். தேர்ச்சி விகிதத்தில் வருடா வருடம் முந்துவது மாணவிகள். பையனை இரண்டு வருஷம் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு ராஜஸ்தானின் கோட்டா நகரத்துக்கு அனுப்பும் வீடு பெண்ணை அனுப்ப யோசிக்கிறது. எண்ணிக்கை சரி, காரணம் தவறு.

இங்கிலீஷ் மீடியமும் அந்த வகைதான். அட்வான்ஸ்டுக்கு முந்தைய படியான ஜேஇஇ மெயின் தேர்வை 2021இலிருந்து தமிழ் உள்பட 13 மொழிகளில் எழுதலாம். அட்வான்ஸ்டு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே. வாசல் அப்படி இருந்தால் உள்ளே வருகிறவர்களும் அப்படித்தான். வசதியைப் பற்றிச் சுருக்கமாக: டியூஷன் கட்டணம் செமஸ்டருக்கு 1 லட்சம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அது முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் வருடம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழுத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. தாராவியில் இருக்கும் வீடு ‘அது நமக்கில்லை’ என்று ஒதுங்குவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் அவர்களைப் பற்றி நினைப்பது போகட்டும். அவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் நினைப்பதுதான் அதிகச் சேதம் செய்கிறது. நம் ஊரில் புத்தகமும் கையுமாக இருப்பவனைப் ‘பழம்’ என்போம். பவாய் வளாகப் பேச்சில் அவன் பெயர் ‘மக்கு’. மனப்பாடத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு முதல் வாரம் தலை சுற்றும்! அந்தக் கேலிக்குப் பயந்து எல்லாரும் ‘நான் ஒண்ணும் படிக்கலடா’ என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார்கள். சொல்வது காதில் விழுகிறது, படிப்பது கண்ணில் படுவதில்லை. ‘எல்லாருக்கும் சும்மாவே வருகிறது, எனக்குத்தான் வரவில்லை’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு கட்டுகிறார்கள்.

இதே முடிச்சை டெபோரா பிரெண்டிஸ், டேல் மில்லர் இருவரும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். அங்கே விஷயம் குடி. வளாகத்துக் குடிப்பழக்கம் மாணவர்கள் பலருக்கும் உறுத்தியது. ஆனால் மற்றவர்களுக்கு அது உறுத்தவில்லை என்றே ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

ஆகவே மாணவனிடம் உண்மை கேட்க வேண்டுமானால் நண்பர்கள் நடுவில் கேட்காதீர்கள். தேர்வு வாரத்தில் கேட்காதீர்கள். பத்துப் புள்ளி தரும் ஏஏ கிரேடிலிருந்து நாலு புள்ளியில் நிற்கும் டிடி கிரேடு வரைக்கும் பிள்ளைகள் பரவித்தான் ஆக வேண்டும். பள்ளியில் முதலாவதாக வந்தவர்களையே ஒரு வகுப்பில் நிறுத்தினாலும் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் நிற்க முடியும். இதை முன்கூட்டியே வீட்டில் சொல்லி வையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘நல்லாப் படிக்கிறியா?’ என்றால் ‘ம்’ என்று ஒரு எழுத்து வரும். ‘இந்த வாரம் டுடோரியல் தாளில் எந்தக் கணக்கு வரல?’ என்று கேட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டரில் ‘எல்லாம் வந்துச்சு’ என்று பதில் வந்தால், பெரும்பாலும் அந்தத் தாளை இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம்.