ஒண்ணாம் நம்பர் பஸ் ராத்திரில எங்க போவுது?

போன வாரம் காலேஜ் விழால "நம்ம ஊர் வளர்ச்சியும் இளைஞர்களும்"னு தலைப்பு குடுத்து என்னைப் பேச வச்சாங்க. அதை எழுத்துல போடுங்க தாத்தான்னு நாலஞ்சு பசங்க கேட்டாங்க. ஞாபகத்துல இருக்கறதை அப்படியே எழுதறேன், பேசும்போது விட்டுப்போனது ஒண்ணு ரெண்டு சேர்த்திருக்கேன்.

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முதல்வர் அம்மா அவர்களே, தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே, எவ்ளோ வேலை இருந்தும் வந்து உக்காந்திருக்கற வார்டு கவுன்சிலர் அவர்களே, வர்த்தகர் சங்கத்துலேர்ந்து கடையை மூடிட்டு வந்திருக்கற அண்ணன் அவர்களே (மூடல, தம்பிய உக்கார வச்சிட்டு வந்தேன்னு கையைக் காட்டறாரு, சரி), வரவேற்புரைல என்னைப் பத்தி இல்லாததையும் பொல்லாததையும் சொன்ன பேராசிரியர் தம்பி அவர்களே, மைக் செட்டு போட்ட தம்பி, பின்னாடி நின்னுகினு எப்போ முடிப்பான் கெழவன்னு பாத்துகினு இருக்கற மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கம். பொன்னாடை போத்தினீங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா பங்குனி மாச வேலூர்ல ஒருத்தனுக்கு ஜரிகை போட்ட பொன்னாடை போத்தறதுக்கு மனசுல கொஞ்சம் பகை இருக்கணும். அடுத்த தடவ ஒரு ஈரிழைத் துண்டு குடுங்க, தொடைச்சிக்குவேன்.

நான் பெரிய படிப்பாளி இல்ல. முப்பத்தி ரெண்டு வருஷம் இந்த ஊர்ல தபால் குடுத்தவன். கால்வாசி வருஷம் சைக்கிள்ல, மிச்சம் மொபெட்ல. அதனால எந்தத் தெருவுல எந்த நாய் கடிக்கும்னு எனக்குத் தெரியும், அந்தத் தகுதிலதான் பேசறேன். இன்னைக்கு மூணு விஷயம். ஒண்ணு தண்ணி, ரெண்டு வேலைவாய்ப்பு, மூணு போக்குவரத்து.

தண்ணி. நம்ம ஊரைப் பத்தி ஒரு நக்கல் உண்டு, உங்க தாத்தா பாட்டி சொல்லியிருப்பாங்க, தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்னு. இதுல கடைசி ஒண்ணு 1981ல சரியாயிடுச்சு, கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து உக்காந்துட்டாரு. ராஜா இனிமே வேணாம், எலெக்‌ஷன் வச்சிருக்கோம். ஆறு மட்டும் அப்படியே கீது. கர்நாடகாவுல நந்தி மலைப் பக்கம் பொறந்து ஆந்திரா வழியா நம்மகிட்ட வர்றதுக்குள்ள பாலாறு மணலாறா ஆயிடுது. மிச்சத்தை ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவு பாத்துக்குது. அதுக்காக நம்ம ஊர்க்காரங்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 1996ல தீர்ப்பு வந்துச்சு, மாசு பண்ணவன்தான் காசு கட்டணும்னு. சட்டம் படிக்கற பசங்க இந்தியா பூரா அந்தக் கேஸைப் படிக்கறாங்க, கேஸு பேர்லயே வேலூர் இருக்குது. 2021 நவம்பர்ல ஆறு ரெண்டு கரையும் முட்டிகினு வந்தப்போ மொத்த ஊரும் பாலத்து மேல நின்னு போன்ல படம் புடிச்சுது, ஏதோ சொந்தக்காரன் பாரின்லேர்ந்து வந்த மாதிரி. ஆனா நான் சொல்ல வந்தது தண்ணி இல்ல, அந்தப் பாலம்.

ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்லுவாங்க. நம்ம ஊரை ரெண்டாக்கினது கட்சிக்காரங்க இல்ல, பாலாறு. அந்தாண்ட காட்பாடி, ரயில்வே ஸ்டேஷன், விஐடி, ஆக்ஸிலியம் காலேஜ். இந்தாண்ட கோட்டை, சிஎம்சி ஆஸ்பத்திரி, ஊரிஸ் காலேஜ், பழைய பஸ் ஸ்டாண்டு, லாங்கு பஜார். ரயில்ல வர்றவன் அந்தாண்ட எறங்கறான், அவனுக்கு வேலை இந்தாண்ட. ரெண்டு பக்கத்தையும் தைச்சு வச்சிருக்கற நூலு எது? ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் டவுன் பஸ்ஸு. காட்பாடி டூ பாகாயம். வேலூர்ல பொறந்தவன் எவனும் அதுல தொங்காம வளந்திருக்க மாட்டான். அந்த நூலு பகல்ல இருக்குது, ராத்திரி ஆனா அந்துபோவுது. கூத்தாடி வந்துடறான்.

ஒரு கதை சொல்றேன், என் கதைதான். போன மார்கழில மக வூட்டுக்குப் போயிட்டு ரயில்ல வந்து காட்பாடில எறங்கறேன், மணி ஒண்ணேகால். பனிக்குக் குரங்குக் குல்லா போட்டிருக்கேன், கழுத்துல மப்ளரு, கையில பெரிய பை, பைக்குள்ள மக குடுத்த எக்ஸ்ரே கவரு வெளிய நீட்டிகினு இருக்குது. வெளிய வந்த உடனே ஒரு ஆட்டோ தம்பி ஓடிவந்து பையப் புடிச்சிகினான். "தாதா, சிஎம்சி? லாட்ஜ்? ஆஸுன் ஆஸுன்"ங்கறான். என்னை சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வர்ற வங்காளத்துக்காரன்னு நெனச்சுட்டான்! எனக்கு ஒரு குறும்பு. சரி பாப்போம்னு வாயத் தொறக்கல, தலைய மட்டும் ஆட்டினேன். நானூறுன்னான். விரலைக் காட்டினேன், ரெண்டு. "நா தாதா நா, நைட்டு"ன்னு பாதி பெங்காலி பாதி இந்தி. வண்டில ஏறிட்டேன். விருதம்பட்டு தாண்டறப்போ போன் பண்றான் எவனுக்கோ, இப்போ தமிழ்ல: "மாமா, ஒரு கெழம் வருது, தனியா கீது, ரூம் ஒண்ணு வச்சிரு, எக்ஸ்ரேலாம் வச்சினு கீது, பத்து நாளு தங்கும் போல." என்னால அடக்க முடியல. பாலத்து மேல வண்டி போவும்போது பின்னாடியேர்ந்து சொன்னேன்: "இன்னாடா தம்பி, என் வூடு தோட்டப்பாளையம்டா, லாட்ஜுல படுத்தா என் பொண்டாட்டி ஒத்துக்குவாளா?"

வண்டி ஒரு ஆட்டம் ஆடிச்சு பாருங்க, பாலத்துலேர்ந்து வுழுந்திருப்போம். (இந்த எடத்துல கூட்டம் சிரிச்சுது. தலைவர் ஐயாவும் சிரிச்சாரு, அவரு சிரிச்சு நான் பாத்ததில்ல.) ஓரம் கட்டிட்டு "அண்ணே நம்மூரா, முன்னாடியே சொல்லக் கூடாதா, போஸ்ட்மேன் அண்ணனாச்சே நீ, எங்க அம்மாவுக்கு நீதானே மணியார்டர் குடுப்ப"ன்னு கும்புடறான். எறங்கறப்போ இருநூறு குடுன்னான். சரி, நம்மூருக்கு இருநூறு, வெளியூருக்கு நானூறா, நியாயமாடான்னு கேட்டேன். அவன் சொன்னது நியாயமாத்தான் இருந்துச்சு: "அண்ணே, பதினோரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் குளிர்ல நிக்கறேன், ரெண்டு சவாரி கெடைச்சா பெரிசு, காலைல பைனான்ஸ்காரன் டியூவுக்கு நிப்பான், பஸ்ஸு வுட்டா நான் இன்னா பண்றது?" அந்தத் தம்பி மேல எனக்குக் கோவம் வரல. அவனைக் கூத்தாடியாக்கினது யாரு?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கேரளா வண்டி, வடக்கத்தி வண்டி, பெங்களூர் வண்டின்னு ராத்திரி பூரா காட்பாடில ஆளு எறங்கிகினே இருக்குது. புருஷனைக் கைத்தாங்கலா புடிச்சிகினு வர்ற பொம்பளைங்க, லீவு முடிஞ்சு ஹாஸ்டல் வர்ற புள்ளைங்க, அப்புறம் ஷிப்டு முடிஞ்சு போற நர்ஸுங்க, லாட்ஜுல துணி தொவைக்கற நம்ம ஊரு பொம்பளைங்க. 2021 மே மாசத்துலேர்ந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு இல்ல, அருமையான திட்டம், நான் எந்தக் கட்சியும் இல்ல ஆனா அதை எழுந்து நின்னு பாராட்டுவேன். ஆனா பஸ்ஸே இல்லாத நேரத்துல ஓசி டிக்கெட்டை எங்க போய்க் காட்டறது?

ஏன் யாரும் கேக்கல? இதான் நான் தபால்காரனா கண்டுபுடிச்சது. இந்த ஊரு ரெண்டு கூட்டத்தால பொழைக்குது, ஒண்ணு மாணவருங்க, இன்னொண்ணு நோயாளிங்க. காந்தி ரோட்டுல போர்டெல்லாம் பெங்காலில கீது, மெஸ்ஸுல மீன் கொழம்பு அவங்க ருசிக்கு வெக்கறான். அவங்க ரெண்டு பேருக்கும் இங்க அட்ரஸ் உண்டு, நான் தபால் குடுத்திருக்கேன், கேர் ஆப் லாட்ஜு, கேர் ஆப் ஹாஸ்டல். ஆனா பெரும்பாலும் ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாதவன் மேல எவனுக்கு அக்கறை? ஓட்டோட வெலை நமக்குத் தெரியாதா, 2019ல பணம் புடிபட்டு நம்ம தொகுதி எலெக்‌ஷனையே நிறுத்தி, ஆகஸ்ட்டுல தனியா நடத்தினாங்க, அப்போ ஜெயிச்ச வித்தியாசம் 8,141 ஓட்டு. இங்க உக்காந்திருக்கறவங்க கூட நாலு காலேஜ் சேந்தா போதும். கவுன்சிலர் அவர்கள் சிரிக்கறாரு, கணக்குப் போடறாருன்னு நெனக்கறேன். 37வது வார்டுல 2022ல கங்கான்னு ஒரு திருநங்கை நின்னு ஜெயிச்சாங்க. ஒதுக்கி வச்ச ஜனமே மாநகராட்சிக்குள்ள போய் உக்காந்த ஊரு இது.

வரலாறு கேட்டா, இந்த ஊர்ல பெரிய காரியமெல்லாம் ராத்திரிலதான் நடந்துது. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்ன ரெண்டு மணி வாக்குல கோட்டைக்குள்ள சிப்பாய்ங்க வெள்ளைக்காரனுக்கு எதிரா எழுந்தாங்க, வடக்க நடந்த கலகத்துக்கு ஐம்பது வருஷம் முன்னாடி. சேதி போய் ஆற்காட்டுலேர்ந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைல காலைலயே வந்து சேந்துட்டாரு, நமக்குக் கெட்ட நேரம். இன்னைக்கு அதே ஆற்காட்டுலேர்ந்து ராத்திரி ஒரு மணிக்கு வந்து எறங்கினா, காட்பாடி போய் ரயில் புடிக்க உங்களுக்குக் குதிரை கூடக் கெடைக்காது. ஐடா ஸ்கடரம்மா கதையும் ராத்திரிலதான் ஆரம்பம், திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பேரு பிரசவத்துக்கு ஒதவி கேட்டு வந்து, ஒதவி கெடைக்காம மூணு பொம்பளைங்களும் செத்துப்போனதுல மனசு ஒடைஞ்சு டாக்டருக்குப் படிச்சாங்க. 1900ல இங்க ஒரே ஒரு கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க. அந்தக் கட்டிலுதான் இவ்ளோ பெரிய சிஎம்சியா ஆச்சு, அதுக்குப் போற பஸ்ஸுக்கு மட்டும் தூக்கம் வந்துடுது.

அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டு எப்போன்னு கேக்கறாங்க. வரட்டும், நல்லது. ஏரோப்ளேன்லேர்ந்து எறங்கறவன் எதுல ஊருக்குள்ள வருவான்னு சொல்லிட்டு வரட்டும்.

நான் கேக்கறது பெரிசில்ல. ராத்திரி பதினொண்ணுலேர்ந்து காலைல நாலு வரைக்கும், மணிக்கு ஒண்ணு, காட்பாடி டூ பாகாயம். அஞ்சே சிங்கிள், அதாவது அஞ்சு நடை. மனு எடுத்துகினு ஒரு ஆபீஸுக்குப் போனா அது அந்த ஆபீஸுங்கறாங்க, அங்க போனா இது இந்த ஆபீஸுங்கறாங்க. 2019 நவம்பர் 28ல மாவட்டத்தை மூணாப் பிரிச்சப்போ ராணிப்பேட்டைக்காரனுக்கும் திருப்பத்தூர்க்காரனுக்கும் கலெக்டர் ஆபீஸ் கிட்ட வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம், ஆபீஸு ரெண்டுபட்டா மனுவுக்குத் திண்டாட்டம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிட்டாரு, "நேரம்"னு ஒரே வார்த்தை. வேலைவாய்ப்பு பத்தி இன்னொரு நாள் கூப்புடுங்க, வர்றேன். வாசல்ல நீல அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்குது, பேரு, ஊரு, கையெழுத்து. வெளியூரு புள்ளைங்களும் போடுங்க. போன தடவ இன்னொரு காலேஜ்ல மூணு பேனா வச்சேன், மூணும் போயிடுச்சு. அதனால இந்தத் தடவ பேனாவை எங்க ஆபீஸ் மாதிரி சணல்ல கட்டியிருக்கேன், இஸ்து அறுக்காதீங்க.