குழம்பில் உப்பில்லை, இலையை மாற்றி என்ன பயன்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, பிள்ளைகளோடு வந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் சார்லட் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயம் மறுபடி ரசிகர்களின் மனதைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் திருத்த வேண்டியது விதிகளையா, காரையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தம்பி விதிகளைத்தான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். காரைத்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2025 நவம்பரில் ஃபீனிக்ஸில் நடந்த இறுதிப் பந்தயத்தைச் சொன்னார். நாக் அவுட்டில் மிஞ்சிய நால்வரில் அந்த ஒரு பந்தயத்தை யார் முன்னால் முடிக்கிறாரோ அவரே சாம்பியன் என்பது அப்போதைய விதி. டென்னி ஹாம்லின் அதுவரை அறுபது பந்தயங்கள் வென்றவர், ஒருமுறைகூட சாம்பியன் ஆகாதவர். அன்று 208 சுற்றுகள் அவர்தான் முன்னால் ஓடினார். இன்னும் மூன்றே சுற்று இருக்கும்போது வேறொரு கார், டயர் பழுதாகிச் சுவரில் மோதியது, எல்லோரையும் மெதுவாகப் போகச் சொல்லும் மஞ்சள் கொடி வந்தது. ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார். கைல் லார்சன் இரண்டே டயரை மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் தடத்துக்கு வந்துவிட்டார். அன்று ஒரு சுற்றுகூட முன்னிலையில் ஓடாத லார்சன் சாம்பியன்! லார்சன் நல்ல ஓட்டுநர்தான், அவர்மீது குறையில்லை. ஆனால் அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, அந்த விதியைத்தான் இந்த 2026இல் எடுத்துவிட்டார்களே? இப்போது நாக் அவுட் கிடையாது. பதினாறு பேர், கடைசிப் பத்துப் பந்தயம், புள்ளிகளைக் கூட்டி யார் முதலோ அவர் சாம்பியன். இது புது யோசனையும் அல்ல. 2003இல் மேட் கென்செத் ஒரே ஒரு பந்தயம் வென்று சாம்பியன் ஆனார், எட்டுப் பந்தயம் வென்ற ரயன் நியூமன் ஆறாவது இடத்தில் நின்றார். அடுத்த வருஷமே, கடைசிப் பத்துப் பந்தயப் புள்ளிதான் சாம்பியனை முடிவு செய்யும் என்று கணக்கு முறையை மாற்றினார்கள். 2014இல் கடைசி நால்வர் மோதும் முறை வந்தது. 2017இல் ஒவ்வொரு பந்தயத்தையும் கட்டம் கட்டமாக வெட்டி, நடுவில் நிறுத்தி, அதற்கும் புள்ளி கொடுத்தார்கள். இப்போது சுற்றிச் சுற்றி 2004க்கே திரும்பி வந்திருக்கிறோம். இருபத்திரண்டு வருஷமாக இலையை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் ஐயா. குழம்பில் உப்பில்லை என்று பந்தியில் உட்கார்ந்தவன் கத்துவது யார் காதிலும் விழவில்லை.

அந்த உப்பு என்ன என்பதற்கு நான் கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அமெரிக்கப் பெரியவர் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர், சின்ன வயதிலிருந்து பந்தயம் பார்க்கிறவர். 2024 மார்ச்சில் என்னையும் என் மகனையும் டென்னசியில் இருக்கும் பிரிஸ்டலுக்குக் கூட்டிப் போனார். அரை மைல் தடம், கான்கிரீட் வளைவு. ஊர்த் திருவிழாவில் மரணக் கிணறு பார்த்திருப்பீர்கள், அதைப் பெரிதாக்கி முப்பத்தாறு காரை உள்ளே விட்டால் எப்படி இருக்கும்? அதுதான் பிரிஸ்டல். அன்று டயர் தேய்ந்தது. ஐம்பது சுற்றுக்கு மேல் தாங்கவில்லை. ரப்பர் துகள் மேல் வளைவில் கரித்தூள் போலக் குவிந்தது. என் மகன் குடித்துக்கொண்டிருந்த லெமனேட் கோப்பையிலும் இரண்டு துண்டு வந்து விழுந்தது. யார் டயரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாரோ அவர் பின்னாலிருந்து வந்து முந்துகிறார். அவசரப்பட்டவர் பத்தே சுற்றில் வழுக்கிக்கொண்டு பின்னால் போகிறார். அன்று முன்னிலை 54 முறை கைமாறியது. குட்டித் தடங்களில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. பெரியவர் ஸ்கேனர் ஹெட்போனை என் காதில் வைத்தார். ஓட்டுநர் தன் ஆட்களிடம், டயர் இன்னும் எத்தனை சுற்று தாங்கும் என்று கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அதே வருஷம் செப்டம்பரில் அதே பிரிஸ்டலுக்கு மறுபடி போனோம். அதே கார்கள், அதே புள்ளி விதி. டயர் மட்டும் அன்று தேயவில்லை. 500 சுற்றில் 462 சுற்று லார்சனே முன்னால். பாதிப் பந்தயத்தில் பெரியவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார்.

தம்பி, நீங்கள் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். இரண்டு நாளும் விதி ஒன்றுதான். ஒரு நாள் விருந்து, ஒரு நாள் பட்டினி. ஏன்?

காரணம் காருக்குள் இருக்கிறது. 2022இல் 'நெக்ஸ்ட் ஜென்' என்ற புதுக் கார் வந்தது. செலவு குறையவும் சின்ன அணிகள் பிழைக்கவும் எல்லோரும் ஒரே இடத்தில் பாகம் வாங்க வேண்டும் என்றார்கள். அதில் நன்மையும் உண்டு, முதல் வருஷமே 19 பேர் வென்றார்கள். பெரிய தடங்களில் இந்தக் கார் அற்புதமாக ஓடுகிறது. 2024 மே மாதம் கேன்சஸில் லார்சன் வென்றது வெறும் 0.001 விநாடியில்! ஆனால் சின்னத் தடத்துக்கு வந்தால் இதே காரில் மூச்சு முட்டுகிறது. டயர் அகலம், பிரேக் பெரிது, எல்லோரும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறார்கள், ஒரே வேகத்தில் வளைகிறார்கள். முன்னால் போகும் கார் கலைத்துவிடும் காற்றில் பின்னால் வருபவருக்கு முன்சக்கரப் பிடி போய்விடுகிறது, டயர் சூடாகிவிடுகிறது. ஒட்டிக்கொண்டு வரலாம், முந்த முடியாது.

எதிரணி அம்மா ராஸ் சாஸ்டெய்ன் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். 2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில், கடைசிச் சுற்று. ஐந்தாவது கியரில் காரைச் சுவரோடு சாய்த்து, பிரேக்கைத் தொடாமல் உரசிக்கொண்டே போய் ஐந்து பேரை முந்தினார். நானும் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். கடைசி நால்வரில் இடம் பிடிக்க வேண்டிய விதி இருந்ததால்தான் அது நடந்தது என்றார் அம்மா. நான் கேட்கிறேன், தடத்தில் முறையாக முந்த வழியிருந்தால் ஒரு மனிதன் ஏன் சுவரைத் தேடிப் போகிறான்? அப்புறம் அதையும் தடை செய்துவிட்டார்கள்.

நாஸ்காரை அமெரிக்கா முழுக்கக் கொண்டு சேர்த்த நாளையும் நினைத்துப் பாருங்கள். 1979 டேடோனா 500. முதல்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரடி ஒளிபரப்பு. வடகிழக்கில் பனி கொட்டி ஜனங்கள் வீட்டோடு கிடந்தார்கள். கடைசிச் சுற்றில் கேல் யார்பரோவும் டானி அலிசனும் மோதிக்கொண்டு புல்லில் போய் நின்றார்கள். அரைச் சுற்று பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். புல்வெளியில் கைகலப்பு வேறு. எந்தக் கட்டமும் நாக் அவுட்டும் அதற்குத் தேவைப்படவில்லை. முந்த நினைத்தவனும் விட மறுத்தவனும் இருந்தார்கள், முந்தக்கூடிய காரும் இருந்தது.

வட கரோலினாவில் நம் பக்கத்திலேயே இருக்கும் நார்த் வில்க்ஸ்பரோ தடம் 1996க்குப் பிறகு பல வருஷம் புல் முளைத்துக் கிடந்தது. 2023இல் ஆல்ஸ்டார் என்ற சிறப்புப் பந்தயத்தோடு நாஸ்கார் அங்கே திரும்பி வந்தது. பழைய ரசிகர்கள் கண் கலங்கினார்கள். பந்தயம்? லார்சன் முன்னால் போனார், போய்க்கொண்டே இருந்தார். கோயிலைத் திறந்தார்கள், விளக்கேற்ற மறந்துவிட்டார்கள்.

எங்கள் அணி கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. சின்னத் தடங்களில் எஞ்சினுக்கு நிறைய ஹார்ஸ்பவர், காரைத் தரையோடு அழுத்தும் காற்றுவிசை குறைவாக, நிச்சயம் தேயும் டயர். சக்தி கூடினால் நேர்பாதையில் வேகம் கூடும், வளைவுக்கு முன்னால் சீக்கிரமே காலை எடுக்க வேண்டும், வெளியே வரும்போது சக்கரம் சுழலும். அங்கேதான் வலது காலின் பக்குவம் தெரியும். 670 ஹார்ஸ்பவரை இந்த வருஷம் இந்தத் தடங்களுக்கு 750 ஆக்கியிருக்கிறார்கள். நல்ல ஆரம்பம், மனதார வரவேற்கிறேன். 2014 வரை 850க்கும் மேல் இருந்ததே, அதுவரை போகாமல் ஏன் பாதியில் நின்றுவிட்டார்கள்?

ஒளிபரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபாக்ஸ், பிரைம், டிஎன்டி, என்பிசி என்று நாலு வாசலில் காசு கட்டி ஒரு பருவம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் தீர வேண்டிய குறைதான். ஆனால் நல்ல பந்தயம் என்றால் ரசிகன் காசு கொடுத்தாவது பார்த்துவிடுவான்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், முடித்துவிடுகிறேன். போன வாரம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த வருஷமும் பிரிஸ்டலுக்கு மூன்று டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்டேன். புள்ளிக் கணக்கு மாறியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டக் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து, "டயர் தேயுமா?" என்று மட்டும் கேட்டார்.

நன்றி, வணக்கம்.