வெள்ளத்தில் நனைந்த கல்யாண ஆல்பமும் வீட்டுப் பிரிண்டரும்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, ஆற்றோரத்தில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. அதன் பிறகு உறவினர்கள் தங்கள் வீட்டில் இருந்த படங்களை போனில் எடுத்து அனுப்பியதில் ஏறக்குறைய 400 படங்கள் சேர்ந்திருக்கின்றன. இவற்றை வீட்டிலேயே அச்சிட எந்த பிரிண்டர் வாங்கலாம், ஒரு படத்துக்கு என்ன செலவாகும், ஸ்டுடியோவை விட மலிவாக முடியுமா, பாண்டிச்சேரியில் வாங்கினால் விலை குறையுமா என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் இருவர் பள்ளியில் படிக்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். விடை சொல்வதற்கு அந்தத் தகவல் மிகவும் உதவுகிறது.

சகோதரி, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த 400 படங்களுக்காக மட்டும் நீங்கள் பிரிண்டர் வாங்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கு அச்சிடும் தேவை மாதந்தோறும் இருந்தால் வாங்குங்கள். அப்போது படங்கள் அதன் கூடுதல் பயனாக இருக்கும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நான் சொல்லும் விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடையில் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்க் டேங்க் பிரிண்டர் (தொட்டியில் இங்க் ஊற்றிக்கொள்ளும் வகை) ஒன்றின் விலை 14,000 ரூபாய் என்றும், 65 மில்லி இங்க் பாட்டில் 350 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மில்லி இங்க் ஐந்து ரூபாய் நாற்பது காசுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஹெட் கிளீனிங், அதாவது இங்க்கைத் தாளில் தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, 4 x 6 அளவுப் படம் ஒன்றுக்கு அரை மில்லி என்று தாராளமாகவே கணக்கிட்டால், இங்க் செலவு 2 ரூபாய் 70 காசு. நல்ல கிளாஸி போட்டோ பேப்பர் ஒன்று 5 ரூபாய். ஆக 7 ரூபாய் 70 காசு. நிறம் சரியாக வராதது, ஓரம் வெட்டுப்பட்டது, தாள் கோணலாகப் போனது என்று பத்தில் ஒன்று வீணாகும் என்பதை எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்தால் கையில் நிற்கும் ஒரு நல்ல படம் எட்டரை ரூபாய் ஆகிறது. ஸ்டுடியோவில் அதே அளவுக்கு 12 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், வீட்டில் அச்சிடுவதால் ஒரு படத்துக்கு மிச்சம் மூன்றரை ரூபாய். பிரிண்டருக்குக் கொடுத்த 14,000 ரூபாயை இந்த மிச்சத்திலிருந்து மீட்க 4,000 படங்கள் அச்சிட வேண்டும். உங்களிடம் இருப்பது 400. ஸ்டுடியோவில் கொடுத்தால் 4,800 ரூபாயில் முடிந்துவிடும் வேலை இது. படங்கள் அதிகம் என்பதால் விலை குறைத்துக் கேட்கவும் உங்களுக்கு இடம் உண்டு.

அச்சிடும் தேவை இருக்கிறது, வாங்கத்தான் போகிறோம் என்று முடிவானால், எந்த வகை என்பது அடுத்த கேள்வி. இங்க் அடைத்த சிறு பெட்டியை மாட்டிக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர், கடையில் பார்க்கும்போது விலை குறைவாகத் தெரியும். ஆனால் விலை குறைந்த மாடல்களின் கலர் கார்ட்ரிட்ஜில் இருக்கும் இங்க் சில மில்லிதான். படங்கள் அச்சிட ஆரம்பித்தால் சில டஜன் படங்களுக்குள் தீர்ந்துவிடும். மூன்று நிறங்களும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும் மாடலாக இருந்தால், பட்டுப்புடவையின் சிவப்பும் பந்தலின் மஞ்சளும் நிறைந்த கல்யாணப் படங்களில் அந்த இங்க்குகள் முதலில் தீர்ந்து, நீலம் மீதி இருக்கும்போதே முழுக் கார்ட்ரிட்ஜையும் தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். அதற்கும் ஒரு நன்மை உண்டு: இப்படிப்பட்ட பல மாடல்களில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால், அடைத்துக்கொண்டாலும் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டவுடன் சரியாகிவிடும்.

இங்க் டேங்க் பிரிண்டரில் பாட்டிலிலிருந்து நேரடியாக ஊற்றிக்கொள்கிறோம். எப்சன் எல் 3250 போன்ற மாடல்களுக்கு வரும் பாட்டில் 65 மில்லி. கேனான் ஜி வரிசையில் பல மாடல்களுக்குக் கறுப்பு 135 மில்லி, நிறங்கள் ஒவ்வொன்றும் 70 மில்லி. பெட்டியின் மேல் 7,500 பக்கம், 7,000 பக்கம் என்று போட்டிருப்பதைப் பார்த்து அத்தனை படங்கள் வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஆவணப் பக்கங்களுக்கான ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) 24711 சோதனையில் அச்சிடுவது எழுத்தும் சிறிதளவு நிறமும் உள்ள பக்கங்களை. படத்திலோ தாள் முழுவதும் இங்க் படிகிறது. படங்களின் எண்ணிக்கைக்கு ஐ.எஸ்.ஓ. 29102 என்று தனி அளவுமுறையே இருக்கிறது. 4 x 6 படங்கள் எத்தனை வரும் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் அந்த எண்ணை மட்டும் பாருங்கள். முகங்களின் நிறம் மென்மையாக, புள்ளி தெரியாமல் வர வேண்டும் என்றால் ஆறு நிற மாடல்கள் உண்டு. எப்சன் எல் 8050 வெளிர் நீலமும் வெளிர் சிவப்பும் சேர்த்து அச்சிடுகிறது. பள்ளிப் பாடத்துக்கு அது தேவையில்லை என்பதால் உங்களுக்கு நான்கு நிறமே போதும்.

இங்க் டேங்க் வகையில் ஒரு குறை உண்டு. அதை நான் அனுபவித்தே கற்றுக்கொண்டேன். ஒரு கோடை விடுமுறை முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியபோது, பிரிண்டரில் மஞ்சள் நிறம் வரவேயில்லை. ஹெட் கிளீனிங் கொடுத்தேன், வரவில்லை; மீண்டும் கொடுத்தேன்; மூன்றாவது முறைதான் சோதனைப் பக்கத்தில் கோடுகள் முழுதாக வந்தன. அதற்குள் நான்கு டேங்கிலும் இங்க் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தது. சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் இங்க் ஹெட் வழியாக இழுக்கப்பட்டு, உள்ளே வீணான இங்க்கை உறிஞ்சிக்கொள்ளும் வேஸ்ட் பேடுக்குப் போய்விடுகிறது. அந்தப் பேடும் ஒருநாள் நிரம்பும். அதை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள மாடலா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டிய மாடலா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கத்தை அச்சிட்டு வந்தால் அடைப்பு பெரும்பாலும் வராது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது தானாகவே நடக்கும்.

லேசர் பிரிண்டர் வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. எழுத்துக்கு அதைப் போல வசதியானது இல்லை, அதில் இங்க்குக்குப் பதிலாக இருக்கும் டோனர் என்ற பொடி உலர்ந்தும் போகாது. ஆனால் இங்க்ஜெட்டுக்கான (மேலே சொன்ன, இங்க் தெளிக்கும் பிரிண்டர்களுக்கான) கிளாஸி பேப்பரை அதில் விட்டுவிடாதீர்கள். டோனரை உருக்கி ஒட்டவைக்கும் உருளையின் சூட்டில் தாளின் மேற்பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

படத்துக்கென்றே கையடக்கமாக வரும் டை சப்ளிமேஷன் பிரிண்டரும் உண்டு. கேனான் செல்ஃபி அந்த வகை. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று ரிப்பனிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, நான்காவது முறை தாள் உள்ளே போய் வரும்போது மேலே ஒரு காப்புப் பூச்சும் கொடுத்துவிடும். திரவ இங்க் இல்லாததால் ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் அடைத்துக்கொள்ளாது. தாளும் ரிப்பனும் 108 படங்களுக்கு ஒரே பெட்டியாக வருவதால், பெட்டி விலையை 108 ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு வந்துவிடும்; 2,700 ரூபாய் என்றால் படத்துக்கு 25 ரூபாய். விலை கூடுதல்தான். இருந்தாலும் ஈரக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களில் அந்தக் காப்புப் பூச்சு நல்ல பயன் தருகிறது. பாடக் குறிப்புகளை மட்டும் அதில் அச்சிட முடியாது.

ஈரக்காற்று என்றதும் பேப்பர் நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் கட்டைப் பிரித்துத் திறந்து வைத்தால் தாள் ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும், பிரிண்டருக்குள் இரண்டு இரண்டாகப் போகும். தேவையான தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அதன் உறையிலேயே மூடி வையுங்கள். அச்சிட்ட படத்தை உடனே பிளாஸ்டிக் உறைக்குள் செருகாமல் ஒரு நாள் விரித்துக் காயவிடுங்கள். செலவைக் குறைக்க ஏ4 தாளில் நான்கு படங்களை அடக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நான்கு 4 x 6 படங்களுக்கு 12 அங்குல நீளம் வேண்டும், ஏ4 நீளம் 11.7 அங்குலம்தான் என்பதால் படத்தைச் சற்றுச் சிறிதாக்கித்தான் அடக்க முடியும்.

எங்கே அச்சிட்டாலும், அதற்கு முன் உறவினர்கள் அனுப்பிய படங்களைச் சரிபாருங்கள். 4 x 6 தெளிவாக வர 1,200 x 1,800 புள்ளிகள் (பிக்சல்) வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப்போய் வந்திருக்கும். அதனால் முக்கியமான படங்களையாவது டாக்குமெண்டாக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். முடிந்தால் பழைய படத்தை வாங்கி ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். ஸ்கேனருடன் கூடிய பிரிண்டரை வாங்கச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதிய காரணம். ஒட்டிப்போன ஆல்பத்தையும் எறிந்துவிடாதீர்கள். ஸ்டுடியோவில் கழுவிக் கொடுத்த பழைய படங்களின் நிறம் ஜெலட்டின் பூச்சுக்குள் இருக்கிறது; நனைந்தால் உப்பி, காயும்போது ஒட்டிக்கொள்ளும். காய்ந்த நிலையில் பிய்த்தால் முகமே உரிந்து வந்துவிடும். இத்தகைய வேலையில் பழக்கமுள்ள ஸ்டுடியோக்காரர் யாரிடமாவது காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு கை வையுங்கள்.

கடைசியாக, பாண்டிச்சேரியில் வாங்குவது பற்றி. முன்பு மாநிலத்துக்கு மாநிலம் விற்பனை வரி வேறாக இருந்த காலத்தில், கடலூர்க்காரர்கள் பஸ் ஏறி நேரு வீதிக்குப் போய் வாங்கியதில் பொருள் இருந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் பிரிண்டருக்கு இரண்டு இடத்திலும் ஒரே வரிதான். கடைக்காரர் தரும் தள்ளுபடி வேண்டுமானால் மாறலாம். பழுதானால் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டும் என்று விசாரித்து, அது உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் கம்பெனியின் மாடலை மஞ்சக்குப்பத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.