நாலு டீ

நடுவர் அவர்களுக்கும், இவ்வளவு நேரம் பாயை விட்டு எழுந்திருக்காத தாய்மார்களுக்கும் வணக்கம். மணி பத்தரை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'பிள்ளைப்பேற்றில் பெண்ணுக்குப் பெரிதும் துணை நிற்பது தாய்வீடா, கணவனா?' இதுதான் தலைப்பு. நான் கணவன் பக்கம். இந்த அணியில் பெயர் கொடுத்ததிலிருந்து என் அம்மா என்னோடு பேசுவதில்லை. பேசவில்லையே தவிர, இதோ மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு முன்னால் பேசிய அக்கா வளைகாப்பு, பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு என்று அடுக்கி எல்லாருக்கும் பசியைக் கிளப்பிவிட்டார். போகிற போக்கில் ஒரு போடும் போட்டார்: "பிரசவ வார்டு வாசல்ல மாப்பிள்ளைக்கு ஒரே வேலை, எதிர்க்கடையில டீ குடிக்கிறது. நாலு டீ குடிச்சா பிள்ளை பிறந்துடும்!" கைதட்டினீர்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார், பார்த்தேன். அதை வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

சரி அக்கா, டீயைப் பற்றியே பேசுவோம். என் பேச்சு முழுக்க இனிமேல் டீதான்.

ஐந்தாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்த நர்ஸம்மா, "மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. டீயில இருக்குற டானின் இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது" என்றார்கள். நானோ ஒரு நாளைக்கு ஆறு டீ குடிக்கிறவள். அந்த ஆறு டீக்கு நடுவில் டீ இல்லாத ரெண்டு மணி நேரத்தை எங்கே போய்த் தேட?

இவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தார். டீத்தூள் டப்பாவை எடுத்தார். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். "நீ குடிக்கிற வரைக்கும் நானும் குடிக்கல" என்றார். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தரம் சொல்கிறேன். நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற மனுஷன். டீத்தூள் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்!

நாலாம் நாள் காலையில் வேலை முடிந்து வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய் வாசம். கர்ப்பிணி மூக்கிடம் போலீஸ் நாய் தோற்றுவிடும், நடுவர் அவர்களே. "குடிச்சீங்களா?" என்றேன். "இல்லையே." "ஊதுங்க." டிராபிக் போலீஸ் குடிகாரனை ஊதச் சொல்லும், டீ குடித்ததற்கு ஊதச் சொன்ன முதல் ஆள் நான்தான். ஊதினார். அகப்பட்டார். உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், விஷயத்தைக் கேட்டுவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்!

அதற்கப்புறம் அவர் தொடவில்லை. தினசரி காலண்டர் தாளில் 'மதியம் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி இரும்பு, எலுமிச்சை ஜூஸ்' என்று எழுதி வைப்பார். ஒன்பதாம் மாதம் 10.9. அந்த ரெண்டு சொச்சம் பாயிண்ட் பூண்டுக் குழம்பில் ஏறியதா? பூண்டுக் குழம்பு பிள்ளை பிறந்த பிறகுதானே அக்கா வந்தது?

தாய்வீட்டுப் பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் எனக்கு அளந்தார்கள். பால் கொடுக்கிறவளுக்கு நாக்கு எப்படி வறளும்? அப்போது குழந்தைத் துணிப் பைக்குள் தண்ணீர் பாட்டிலை மறைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்? அத்தனைக்கும் சட்டப்படி பெண்ணுக்கு 26 வார விடுப்பு. மத்திய அரசு வேலை என்றால் அப்பாவுக்கு 15 நாள். மில் தொழிலாளிக்கு? சூப்பர்வைசர் சிரித்த முகமாக இருந்தால் ஒரு நாள். அந்த ஒரு நாளில்தான் பாட்டில் வந்தது.

வாசலில் நின்றார் என்கிறீர்களே, உள்ளே விட்டால் வந்திருப்பார். அரசு மருத்துவமனையில் பிரசவ அறைக்குத் துணைக்கு ஒருவர் போகலாம், ஆனால் பெண் துணையைத்தான் விடுகிறார்கள். ஆம்பளைக்கு வெளியே இடம் எங்கே? டீக்கடைதான்.

எனக்கு வலி கண்ட ராத்திரி இவரும் என் அப்பாவும் அப்படித்தான் ஒரு கடை வாசலில் நின்றார்கள். 1986-இல் நான் பிறந்தபோதும் அப்பா ஒரு கடை வாசலில்தான் நின்றாராம். "நான் உள்ள உசுரு போகக் கத்துறேன், இந்த மனுஷன் டீ குடிச்சுக்கிட்டு நின்னாரு." இதை அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வாள். அப்பா சிரித்துக்கொண்டே இலையில் இருப்பதைச் சாப்பிடுவார். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

எனக்கு வலி கண்ட அந்த ராத்திரி அப்பா இவரிடம் சொல்லியிருக்கிறார்: "அவ பிறந்த அன்னைக்கு நாலு டீ வாங்கினேன் மாப்ளே, ஒண்ணும் குடிக்கல. கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. சூடா எதையாவது பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு. ஆறிப் போனதும் கீழ ஊத்திட்டு அடுத்தது வாங்கினேன். உங்க அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

போன தை மாசம் அப்பா தவறிவிட்டார். அதற்கப்புறம்தான் இவர் என்னிடம் சொன்னார்.

உங்க அப்பா தாய்வீட்டுக் கணக்கில்தானே வருவார் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். எனக்குத்தான் அவர் அப்பா. மூன்றாவது வரிசையில் இருக்கிறாளே, அவளுக்கு அவர் புருஷன்.

மணி அடிக்கிறார்கள். ஒரு நிமிஷம், நடுவர் அவர்களே.

அம்மா, அவர் அன்னைக்கு டீ குடிக்கல.