ஊடும் பாவும் கூடினால்தான் கண்டாங்கி

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே, முன்வரிசையில் கட்டம் போட்ட நம்மூர்ப் பருத்திச் சேலையாம் கண்டாங்கி கட்டி வந்து அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, வணக்கம்.

இன்றைய ஃபேஷனில் நெசவுத் துணி பண்பாட்டு ஒற்றுமையின் அடையாளமா, வெறும் அலங்காரமா என்பது தலைப்பு. அடையாளமே என்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், “மில் துணியில் கட்டம் அச்சடித்தாலும் கண்டாங்கி மாதிரியே இருக்கிறதே, இதில் ஒற்றுமை எங்கே வந்தது?” என்று கேட்டார். அச்சடித்த கட்டத்தைப் பார்த்து அப்படிக் கேட்கலாம் ஐயா. நெய்த கட்டத்தைப் பார்த்துக் கேட்க முடியாது.

பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், அரக்கு 60 இழை, மஞ்சள் 60 இழை என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே வரிசை வர வேண்டும். அரக்கு நூல் சுற்றிய தாரைக் குறுக்கே கொண்டுபோக ஒரு நாடா, மஞ்சள் தாருக்கு ஒரு நாடா. அரக்கின் மேல் அரக்கு விழுந்தால் தனி அரக்கு, மஞ்சளின் மேல் மஞ்சள் விழுந்தால் தனி மஞ்சள். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கிறது. அது எந்தச் சாயத் தொட்டியிலும் இல்லாத நிறம். கிட்டப் போய்ப் பாருங்கள், இரண்டு இழையும் தன்தன் நிறத்தோடுதான் கிடக்கும். ஒன்று மற்றதை விழுங்கவில்லை. நான் ஒற்றுமை என்று சொல்வது இதைத்தான்.

நெய்கிறவர்களும் அப்படித்தான். கண்டாங்கி நெசவில் பேர்பெற்ற தேவாங்கர் வீடுகளில் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம். கட்டியவர்கள் நகரத்தார் வீட்டு ஆச்சிமார். வயலில் நாற்று நட்டவர்களும் கட்டினார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதும் இந்தச் சேலைதான்.

கட்டம் தானாகச் சதுரமாக விழாது. பாவு அங்குலத்துக்கு 60 இழை என்றால் ஊடையும் 60 விழ வேண்டும். ஊடையை நெருக்கும் பலகையை லேசாக அடித்து 48-இல் விட்டுவிட்டால், ஓர் அங்குலக் கட்டம் ஒன்றேகால் அங்குலமாக நீண்டுவிடும். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவது ஒருவரால் ஆகிற காரியமா? வெயில் ஏறுமுன் நாலைந்து பேர் இரு பக்கமும் நின்று இழை பிரிக்க வேண்டும். கஞ்சி கெட்டியானால் இழை விறைத்து, இழை நுழையும் தறி அச்சில் உரசி அறும். நீர்த்துப்போனால் பிசிறு எழுந்து பக்கத்து இழையோடு பின்னிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் பாவு போட முடியாது!

“கண்டாங்கியை வெட்டிக் குர்த்தா தைக்கிறார்களே, பண்பாடு போயிற்றே” என்றும் எதிரணித் தோழர் சொன்னார். கணுக்கால் தெரியப் பின்கொசுவம் வைத்துக் கட்டிய சேலைக்கு அகலம் குறைவு. இன்று அகலம் கூட்டி நெய்வதால்தான் மற்ற ஊர்ப் பெண்களும் கட்டுகிறார்கள். அந்த மாற்றத்தை ஏற்றவர்களுக்குக் குர்த்தா மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? வெட்டுவதை ஒழுங்காக வெட்டட்டும், அவ்வளவுதான். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்த வேண்டும்; இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கும். ஈர வெள்ளைத் துணியால் அரக்குப் பகுதியைத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கட்டக் கோட்டில் தொடங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழுக் கட்டம் அளவு துணி கூடுதலாகப் பிடிக்கும். இதில் கஞ்சத்தனம் காட்டினால் பக்கத் தையலில் கட்டம் முறிந்து நிற்கும்.

நடுவர் அவர்களே, உங்கள் மேசையில் இரண்டு துண்டுகள் வைத்திருக்கிறேன். ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பாருங்கள். அச்சுத் துணியின் இழை இடையிடையே நிறம் மாறி, அங்கங்கே வெளுத்துத் தெரியும். கண்டாங்கியின் அரக்கு இழை நுனி முதல் அடி வரை அரக்கு. பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.