பானையில் வேண்டும், பிளக்கில் வேண்டாம்

(மதுரையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'நவீனப் பொறியியலில் செராமிக்' என்று போட்டுவிட்டார்கள். பயப்படாதீர்கள், மண்ணையோ பொடியையோ வடிவாக்கிச் சூட்டில் வேகவைத்தால் அதுதான் செராமிக். மண்பானையிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

வெயில் ஏறினால் ரோட்டோரத்தில் பானைகளை அடுக்கிவிடுவார்கள். என் அம்மா விலை கேட்பதற்கு முன் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். 'ணங்' என்றால்தான் பேரம். சத்தம் சப்பென்று இருந்தால் எங்கோ கீறல், கீழே வைத்துவிடுவார்.

பானை ஏறக்குறைய 800, 900 டிகிரியில் வேகிறது. அந்தச் சூட்டில் மண்துகள்கள் அரைகுறையாகத்தான் ஒட்டும். நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நீர் கசிந்து வெளியே ஆவியாகும். அதற்கான வெப்பத்தை உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். "எங்க வீட்டுப் பானையில இவ்வளவு குளிர்ச்சி இல்லையே" என்று சென்னைச் சொந்தக்காரர்கள் சொல்வதுண்டு. பானை என்ன செய்யும்? அங்கே காற்றிலேயே ஈரம்.

சரி, கரண்டு கம்பத்துக்கு வாருங்கள். அங்கே கம்பியைத் தாங்கும் பீங்கானுக்கு அந்தத் துளைதான் எதிரி. மழைநீர் உள்ளே ஊறினால் 11,000 வோல்ட் அதன் வழியே இறங்கிவிடும். அதனால் பீங்கானை 1,200 டிகிரிக்கும் மேலே வேகவைக்கிறார்கள். கலவையில் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது.

ஒருமுறை கடம் செய்வதைப் பார்க்க மானாமதுரைக்கு பைக்கில் கிளம்பினேன். சிலைமான் தாண்டியதும் வண்டி இருமி நின்றது. மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். "பீங்கான் கீறிப்போச்சு சார்" என்று காட்டினார். தலைமுடியைவிட மெல்லிய கோடு! நுனியில் பொறியாகத் தாவ வேண்டிய மின்சாரம் அந்தக் கோடு வழியாகவே தப்பிப் போயிருக்கிறது.

பிளக்கின் அந்த வெள்ளைப் பகுதி அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் யாரும் அதை உருக்குவதில்லை. பொடியை அழுத்தி வடிவாக்கி, 1,600 டிகிரி வாக்கில் வேகவைத்தால் துகள்கள் உருகாமலே ஒட்டிக்கொள்கின்றன, உருவம் சுருங்குகிறது. மானாமதுரையில் பானை வனையும் வேளார் அதைக் கொஞ்சம் பெரிதாகவே வனைவதும், காய்ந்து வெந்து சுருங்குவதைக் கணக்கில் வைத்துத்தான். கணக்கு ஒன்றே, சூளைதான் வேறு.

உடைகிற சங்கதிக்கு வருவோம். இரும்பு வளைந்து கொடுக்கும். செராமிக்கில் அணுப் பிணைப்புகள் இறுக்கம், நகர்ந்து கொடுக்காது. அழுத்தினால் தாங்கும், இழுத்தாலோ ஒரு சின்னக் கீறல் போதும், ஓடிவிடும். 1975-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஜிர்கோனியா என்ற செராமிக்கில் இதற்கொரு வழி கண்டார்கள். கீறல் நெருங்கும் இடத்தில் உள்ள துகள்கள் வடிவம் மாறி லேசாக உப்புகின்றன. உப்பியதும் கீறலை இருபுறமும் நெரித்து நிறுத்துகின்றன. பல் டாக்டர் மாட்டும் வெள்ளைத் தொப்பி பெரும்பாலும் இந்த ஜிர்கோனியாதான். இந்த ஒரு கண்டுபிடிப்புக்கே ஒரு சாயங்காலம் பேசலாம் என்பது என் கட்சி.

அடுப்படி கேஸ் லைட்டரிலும் உள்ளே ஒரு செராமிக் துண்டு உண்டு. ஸ்பிரிங் விசையில் ஒரு சின்னச் சுத்தியல் அதை அடிக்கிறது. அடிபட்டதும் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறந்து பொறி தெறிக்கிறது. பேட்டரியே கிடையாது.

பக்கத்தில் கீழடியில் 'ஆதன்' என்று கீறிய ஓடு கிடைத்ததே, ஞாபகமிருக்கிறதா? அந்த வீட்டு மரமும் துணியும் மக்கிவிட்டன. ஒருமுறை வெந்த மண் மக்காது. இப்படி நான் கீறலைத் திட்டிக்கொண்டிருக்க, ஒருவர் பெயர் நமக்குக் கிடைத்ததே கீறலால்தான்.

மேசையில் ஒரு பானை, என் பழைய பிளக், ஒரு லைட்டர் வைத்திருக்கிறேன். போகும்போது தட்டிப் பாருங்கள். ஜிர்கோனியா என் வாயில் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.