கோப்பு படித்தவர் எழுதிய உளவுக் கதைகள்

[காட்சி: சென்னை, எழும்பூர், காந்தி இர்வின் சாலை. செங்கல் கட்டடத்தின் முகப்பு.]

வணக்கம். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தொலைவில் இருக்கும் இந்தக் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உளவு நாவலாசிரியை ஒருவரைப் பற்றிப் பேச வந்தவன் இங்கே ஏன் நிற்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனைச் சேர்ந்த அந்த எழுத்தாளர் ஸ்டெல்லா ரிமிங்டன் உளவுத்துறைக்குள் நுழைவதற்கு முன் செய்த வேலை, இந்தச் சுவர்களுக்குள் நடக்கிற அதே வேலைதான்.

[காட்சி: மேசைமேல் பழுப்பேறிய தாள்கட்டு. நூல் முடிச்சை அவிழ்க்கும் கை.]

பழைய கட்டு ஒன்றைப் பிரித்தால் முதலில் குழப்புவது பெயர்கள். எழும்பூர், ஆங்கிலத் தாளில் எக்மோர் ஆகிவிடுகிறது; திருவல்லிக்கேணி, ட்ரிப்ளிகேன் ஆகிவிடுகிறது. ஆள் பெயரோ தாளுக்குத் தாள் வேறு எழுத்தில் வரும். இரண்டும் ஒரே ஆள்தானா, முன் தாளில் இருந்த தேதி பின் தாளில் ஏன் மாறியது என்று பொறுமையாகத் துழாவுவதுதான் காப்பக வேலை. உளவு அலுவலக வேலையும் பெரும்பாலும் இதுதான். துப்பாக்கியெல்லாம் சினிமாக்காரர்கள் கொடுத்தது.

ஸ்டெல்லா 1935இல் தெற்கு லண்டனில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும், லிவர்பூலில் ஆவணப் பராமரிப்பும் படித்தார். 1963இல் திருமணமாகி லண்டனுக்கு வந்தபின் இந்தியா ஆபீஸ் நூலகத்தில் வேலை பார்த்தார். மதராஸ் மாகாண அரசின் நடவடிக்கைக் குறிப்புகள் இங்கே ஒரு படி தங்க, இன்னொரு படி கப்பலேறிப் போய்ச் சேர்ந்தது, பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த அந்த இந்தியா ஆபீசுக்குத்தான்.

[காட்சி: புதுதில்லி வரைபடம்.]

1965இல் கணவருக்குத் தில்லியிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் பணி கிடைத்ததால் ஸ்டெல்லாவும் உடன் வந்தார். தூதரக அதிகாரியின் மனைவி என்ற முறையில் விருந்துகளில் கலந்துகொண்டு காலம் தள்ளியவரிடம், 1967இல் அங்கிருந்த அதிகாரி ஒருவர் தமது அலுவலகத்தில் பகுதி நேரமாகத் தட்டச்சு செய்து உதவ முடியுமா என்று கேட்டார். அவர் எம்.ஐ.5 அமைப்பின் இந்தியப் பிரதிநிதி. நம் நாட்டில் ஐ.பி. உள்நாட்டையும் ரா வெளிநாட்டையும் பார்த்துக்கொள்வதைப் போல, பிரிட்டனில் உள்நாட்டுப் பாதுகாப்பு எம்.ஐ.5 கையிலும், வெளிநாட்டு உளவு எம்.ஐ.6 கையிலும் இருக்கிறது.

1969இல் லண்டன் திரும்பியதும் அதே அமைப்பில் முழுநேரப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் ஆண்களை அதிகாரிகளாகவும், அதே பட்டம் பெற்ற பெண்களை உதவியாளர்களாகவும் எடுப்பது வழக்கமாக இருந்தது. பெண்கள் எதிர்த்துக் கேட்ட பிறகே அது தளர்ந்தது. எதிரி உளவாளிகளைக் கண்காணிக்கும் பிரிவு, உள்நாட்டுக் கவிழ்ப்புச் செயல்களைக் கவனிக்கும் பிரிவு, பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு என மூன்றுக்கும் தலைமை வகித்தார். சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்த 1991 டிசம்பரில், அதுவரை எதிரியாகவே பார்த்துவந்த சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யுடன் நட்புமுறையில் பேச மாஸ்கோவுக்குப் போய் வந்தார். திரும்பியவருக்குத் தலைமை இயக்குநர் பதவி காத்திருந்தது.

அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். பெயர் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட முதல் தலைவரும் அவரே. பத்திரிகையாளர்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட, இரண்டு மகள்களின் தாயான அவர் அந்த வீட்டையே காலி செய்ய நேர்ந்தது. ஊரெல்லாம் தேடும் அமைப்பின் தலைவிக்கு ஒளிய இடமில்லை என்பது கதையாக எழுதினாலும் நம்பக் கடினமான திருப்பம். 1995இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பாண்டின் மேலதிகாரியான 'எம்' பாத்திரம் பெண்ணாக மாறியதற்கு இவரே தூண்டுதல் என்பார்கள், அது எம்.ஐ.6 கதை என்றபோதிலும்.

[காட்சி: புத்தக அலமாரி.]

1996இல் ஓய்வு பெற்றார். 2001இல் தன்வரலாறும், 2004இல், 69 வயதில், முதல் நாவலும் வெளிவந்தன. லிஸ் கார்லைல் என்ற எம்.ஐ.5 பெண் அதிகாரியை நாயகியாக வைத்து 2018க்குள் பத்து நாவல்கள் எழுதினார்.

ரயில் பயணத்துக்கென்று பாக்கெட் நாவல் வாங்கிப் பழகிய நமக்கு இவற்றின் வேகம் சற்றுக் குறைவாகவே தோன்றும். உரையாடலும் சில இடங்களில் அலுவலகக் குறிப்பைப் போல வறண்டிருக்கும். ஆனால் தகவலைப் பக்கத்து அமைப்புடன் பகிர மனமில்லாமல் இழுத்தடிக்கும் அதிகாரி, கூட்டத்தில் பெண் சொன்னதைக் காதில் வாங்காத மேலாளர் ஆகியோரை அவர் எழுதும்போது, அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தவரின் கண் தெரிகிறது. வேறு எந்த உளவு நாவலையும்விட, இந்தக் காரணத்துக்காகவே இவற்றை நான் பரிந்துரைப்பேன்.

[காட்சி: மீண்டும் தாள்கட்டு. நூலைச் சுற்றி முடிச்சிடும் கை.]

2025 ஆகஸ்டில், தமது 90ஆவது வயதில், அவர் காலமானார். எம்.ஐ.5இல் பணியாற்றியவர்கள் எதை எழுதினாலும் அச்சேறுமுன் அந்த அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும். முன்னாள் தலைவிக்கும் விலக்கு இல்லை. முழுக்க முழுக்கக் கற்பனையான லிஸ் கார்லைலின் கதைகளும், அவர் ஒரு காலத்தில் நடத்திய அலுவலகத்தின் மேசைக்குக் கையெழுத்துப் படியாகப் போய், அங்கே யாரோ ஓர் அதிகாரி படித்து முடித்த பிறகே பதிப்பகத்துக்குப் போயின.